சும்மா ஒரு நாள் கடற்கரைக்கு

(இராமநாதபுரத்தில் கல்லூரி மாணவர்கள் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

நான் மேடைக்குக் கீழே இருந்தே பேசுகிறேன். மேடைக்கு நாலு படி. "தூக்கி விட்டுர்றோம் சார்" என்று இரண்டு தம்பிகள் ஓடி வந்தார்கள். நல்ல பிள்ளைகள். ஆனால் முன்பு ஒரு விழாவில் இப்படித் தூக்கியபோது வேட்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் என்று ஆகிவிட்டது. அதனால் கீழேயே இருக்கிறேன். தலைவரும் தன் நாற்காலியை இறக்கிப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். பின்வரிசைக்கு நான் தெரியமாட்டேன். பரவாயில்லை, குரல் கேட்டால் போதும்.

எனக்குக் கொடுத்த தலைப்பு தன்னம்பிக்கை. மன்னிக்க வேண்டும், அதைப் பேசப் போவதில்லை. எங்களிடம் எல்லோரும் தன்னம்பிக்கையைக் கேட்டுக் கேட்டு, கையிருப்பு தீர்ந்துவிட்டது. நான் பேசப் போவது ஊர் சுற்றுவது பற்றி.

மூன்று வயதில் எனக்கு இளம்பிள்ளை வாதம். இப்போது ஐம்பத்தெட்டு. இத்தனை வருஷத்தில் என்னை வெளியே கூட்டிப்போன இடங்களை ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். ஆஸ்பத்திரி. காலிப்பருக்கு, அதாவது காலில் மாட்டும் இரும்புச் சட்டத்துக்கு, அளவு கொடுக்க ஓர் இடம். அடையாள அட்டை முகாம். திங்கள்கிழமை மனு நாளுக்குக் கலெக்டர் ஆபீஸ். ஒரு காகிதத்தோடு போய் இன்னொரு காகிதத்தோடு திரும்புவது, அவ்வளவுதான். "வாடா, சும்மா கடற்கரை வரைக்கும் போய்ட்டு வருவோம்" என்று ஒருவன் என்னைக் கூப்பிட்டபோது எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. கூப்பிட்டவனும் கட்டை ஊன்றி நடப்பவன்தான். எங்கள் குழு அன்றைக்கு ஆரம்பித்தது.

இப்போது இருபது பேருக்கு மேல் இருக்கிறோம். குழுவுக்குப் பெயர் இல்லை. பெயர் வைக்க மூன்று கூட்டம் போட்டோம். டீ செலவானதுதான் மிச்சம். மாதம் ஆளுக்கு ஐம்பது ரூபாய். அதில் வேன் வாடகை, டீ, சுண்டல். யாருக்கும் தலைவர் பதவி கிடையாது என்பதால் இன்னும் உடையாமல் இருக்கிறது.

யார் யார் இருக்கிறார்கள்? என்னைப் போலப் போலியோக்காரர்கள் நாலைந்து பேர். நாங்கள் கடைசித் தலைமுறை. 2014இல் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று அறிவித்துவிட்டார்கள். எங்களுக்கு வாரிசு இல்லை என்பதில் எனக்குச் சந்தோஷம்தான். பனையிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவர் ஒருவர். சங்கு குளிக்கப் போய், ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததில் உடம்புக்குள் காற்றுக் குமிழி கட்டி இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போனவர் ஒருவர். பனையும் கடலும் சோறு போடுகிற மாவட்டத்தில், ஆளை முடக்குவதும் அந்த இரண்டும்தான். அப்புறம் பார்வையில்லாத ஓர் ஆசிரியர், காது கேளாத அண்ணன் தங்கை, தையல் மிஷின் ஓட்டும் ஓர் அக்கா, இருபத்தாறு வயதிலும் ஜன்னலோர சீட்டுக்கு அழும் ஒரு தம்பி, அவன் அம்மா. மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர் ஒருவர். அவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பனைக்காரரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். சாயல்குடிக்குத் தெற்கே கடலோரக் கிராமம். வீட்டுத் திண்ணையில் படுத்தால் அலைச் சத்தம் கேட்கும். விழுந்த நாளிலிருந்து பதினோரு வருஷமாக அவர் கடலைப் பார்க்கவில்லை. தூரம் எவ்வளவு என்று கேட்டேன். "நடந்தா ஒரு பீடி பத்த வைக்கிற நேரம்ணே" என்றார். அவரைத் தனுஷ்கோடிக்குக் கூட்டிப்போகலாம் என்று நாங்கள் பெரிதாகத் திட்டம் போட்டோம். அவர் வேண்டாம் என்றார். அவருக்கு அவர் ஊர்க் கரைதான் வேண்டும்.

சரி, போவோம் என்று கிளம்பினால் மணல். உங்களுக்கு அது மணல், எங்களுக்கு அது சுவர். சக்கர நாற்காலியின் முன்சக்கரம் சின்னது. மணலில் இறங்கியதும் கலப்பை மாதிரி உழும். தள்ளத் தள்ளப் புதையும். எங்களுக்கு இரண்டு மூன்று பயணம் கழித்துத்தான் வழி தெரிந்தது. நாற்காலியைத் திருப்பி, பெரிய சக்கரம் முன்னால் போகும்படி, பின்பக்கமாக இழுக்க வேண்டும். அப்போது சின்னச் சக்கரம் லேசாகி, பின்னாலேயே வந்துவிடும். ஆட்கள் குறைவென்றால் பழைய பனையோலைப் பாயை விரித்து, தாண்டியதும் அதையே எடுத்து மறுபடி முன்னால் விரிப்போம். முதுகைக் கடலுக்குக் காட்டிக்கொண்டுதான் கடலுக்குப் போவோம். பனைக்காரர் அப்படித்தான் போனார், தன் ஊரைப் பார்த்துக்கொண்டே. ஈர மணல் வந்ததும் திருப்பி வைத்தோம்.

அழுவார் என்று நினைத்தேன். அவர் கரையில் கிடந்த படகுகளை எண்ண ஆரம்பித்தார். "என்னண்ணே, மர வள்ளத்தையே காணோம்? எல்லாம் ஃபைபராயிருச்சா?" என்றார். அப்புறம் எந்தப் படகு யாருடையது என்று விசாரணை. படகுக்காரர்கள் வந்துவிட்டார்கள். பழைய சண்டை ஒன்று கிளம்பியது, பதினைந்து வருஷத்துக்கு முந்திய கடன் பாக்கி. நாங்கள் ஓரமாக உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டோம். இருட்டும்வரை அவரைக் கிளப்ப முடியவில்லை.

இதில் ஒரு விஷயம், மாணவர்கள் கவனிக்க வேண்டும். தண்டுவடம் முறிந்தவருக்குக் காயத்துக்குக் கீழே வியர்க்காது. வெயிலில் உடம்பு சூடேறினால் இறங்க வழியில்லை. அதனால் கழுத்தில் ஈரத்துண்டு, கிளம்புவது மூன்றரை மணிக்குப் பிறகு. உணர்ச்சி இல்லாததால் உட்கார்ந்த இடம் புண்ணாவதும் தெரியாது. கொஞ்ச நேரத்துக்கொரு தரம் கையை ஊன்றி இடுப்பைத் தூக்கிக்கொள்ள வேண்டும். பேச்சு சுவாரசியத்தில் மறந்துபோவார். பக்கத்தில் இருப்பவர் தோளில் தட்டுவதுதான் நினைவூட்டல். நட்பு என்று நாங்கள் சொல்வதில் பாதி இந்த மாதிரி வேலைதான்.

எந்தக் கடலுக்குப் போவது என்பதற்கும் கணக்கு உண்டு. வடக்கே பாக் நீரிணைப் பக்கம் இருப்பதைப் பெண்கடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் தனுஷ்கோடிப் பக்கம் சொல்வார்கள். முன்னது சாது, பின்னது முரடு. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வாடை அடித்தால் சாதுவும் முரடாகிவிடும். அப்போது தென்கடல் அடங்கியிருக்கும். ஆனி ஆடியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும்போது தெற்கே போனால் கண்ணில் மணல்தான். வடகரைக்குப் போக வேண்டும். கடலோரத்தில் பிறந்தவர்களுக்கு இது பாலபாடம். நாங்கள் இதை வைத்துத்தான் வருஷத் திட்டம் போடுகிறோம். வடகரையில் இடுப்பளவுத் தண்ணீர் குளம் மாதிரி கிடக்கும் நாளில், கைவைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் ஆளை உட்காரவைத்து நாலு பேர் தூக்கி உள்ளே இறக்கிவிடுவோம். கரையில் சுமையாகக் கிடக்கும் என் கால்கள் தண்ணீரில் தானாக எழும்பி மிதக்கும். முதல் தடவை பார்த்தபோது வேறு யாருடைய காலோ என்று நினைத்தேன். சக்கர நாற்காலியை மட்டும் உப்புத் தண்ணீரில் இறக்கக் கூடாது. தெறித்த தண்ணீரைக்கூட அன்றிரவே நல்ல தண்ணீரில் கழுவி, கிரீஸ் வைக்காவிட்டால் மறுமாதம் சக்கரம் கத்தும்.

அடுத்து, யாரும் மேடையில் பேசாத சமாச்சாரம். கழிப்பறை.

எங்கள் தையல்கார அக்கா முதல் நாலு பயணமும் வேனை விட்டு இறங்கவில்லை. தண்ணீர் கொடுத்தால் வேண்டாம், டீ கொடுத்தால் வேண்டாம். வெயிலில் உதடு வெடித்திருக்கிறது. கோபமா என்று கேட்டால் சிரிப்பார். ஜன்னல் தம்பியின் அம்மாதான் கண்டுபிடித்துச் சொன்னார்: அக்கா முந்தின நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. வழியில் இருக்கும் கழிப்பறைக்குப் படி இருக்கும், இல்லாவிட்டால் கதவு குறுகல், இல்லாவிட்டால் கீழே உட்காரும் வகை. ஆம்பளை நாங்கள் ஒரு கருவேலமரம் பார்த்துச் சமாளித்துவிடுவோம். எனக்கு அதுவரை இது தோன்றவே இல்லை. இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அடுத்த பயணத்துக்கு நடுவில் ஓட்டை போட்ட ஒரு நாற்காலி, நாலு சவுக்குக் கம்பு, இரண்டு பழைய சேலை, ஒரு குடம் தண்ணீர் வேனில் ஏறின. சேலைக்கூடாரம் என்று பெயர். குழுவுக்குப் பெயர் வைக்க முடியவில்லை, கூடாரத்துக்கு வைத்துவிட்டோம். அன்றைக்கு அக்கா மூன்று டீ குடித்தார்.

தனுஷ்கோடிக்கும் போனோம். 2017இல் அரிச்சல்முனை வரை சாலை போட்ட பிறகுதான் எங்களுக்கு அது சாத்தியமானது. அதற்கு முன் மணலிலும் தண்ணீரிலும் குலுங்கிப் போகும் வேன்களில் எங்களை யார் ஏற்றுவார்கள்? 1964 புயலில் அழிந்த ஊரைப் பற்றிப் பாட்டி சொல்லிக் கேட்டதோடு சரி. சாலை முடியும் இடத்தில் அசோகத் தூண் வட்டம். அன்றைக்குப் பேய்க்காற்று. நான் கத்துவது பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கவில்லை. டீ வேண்டுமா, வேனுக்குப் போவோமா, எதையும் கேட்க முடியவில்லை. ஆளுக்கொரு பக்கம் துண்டைப் பிடித்துக்கொண்டு ஊமையாக உட்கார்ந்திருக்கிறோம். காது கேளாத அண்ணனும் தங்கையும் மட்டும் நூறடி தள்ளி நின்றுகொண்டு கைகளால் விடாமல் பேசிச் சிரிக்கிறார்கள். அந்த முனையில் குறையில்லாதவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான். எங்களைப் பார்த்து அந்தப் பெண் ஏதோ சைகை செய்தாள், அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். என்ன சொன்னாள் என்று இன்றுவரை சொல்ல மாட்டேன் என்கிறாள். அதற்குப் பிறகுதான் நாங்கள் சைகை கற்க உட்கார்ந்தோம். எனக்கு இப்போது ஐம்பது சொல் தெரியும். பாதி சாப்பாட்டுச் சொல்.

அதே நாளில்தான் பெரிய தப்பும் நடந்தது. திரும்பும் வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். டிரைவர் ஹாரன் அடித்தார், எல்லோரும் ஏறினோம், கிளம்பிவிட்டோம். பாம்பன் தாண்டிய பிறகு தங்கை எழுந்து கைகாலை உதறுகிறாள். அண்ணனைக் காணோம். காது கேளாதவனுக்கு ஹாரன் அடித்துவிட்டு வந்திருக்கிறோம்! திரும்பிப் போனால் அவன் கடைக்காரருக்குக் கிளாஸ் கழுவிக் கொடுத்துக்கொண்டிருக்கிறான்.

அன்றையிலிருந்து ஆள் எண்ணும் பொறுப்பு, நான் முன்பு சொன்ன மாத்திரைக்காரரிடம். அவர்தான் எங்கள் டீப் பொறுப்பாளர். கப்பை எண்ணிக் கொடுப்பார், எண்ணித் திரும்ப வாங்குவார். ஒரு கப் வராவிட்டால் வேன் நகராது. சில மாதம் யாரோடும் பேசமாட்டார். எண்ணுவது மட்டும் நிற்காது. அவரைச் சேர்க்கலாமா என்று ஆரம்பத்தில் குழுவிலேயே இரண்டு பேர் தயங்கினார்கள். கால் இல்லாதவன், கண் இல்லாதவன்கூட மனநோய் என்றால் ஓரடி தள்ளி உட்காருகிறான், இதை மறைக்க விரும்பவில்லை. நம் கரையில் ஏர்வாடி இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலையில் அங்கே மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் எழுந்து ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். உங்களில் பலர் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். 2017 மனநலச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை அடியோடு தடை செய்தது. எங்கள் நண்பர் அந்தப் பக்கம் வேன் போகும்போது கண்ணை மூடிக்கொள்வார். ஏன் என்று நாங்கள் கேட்பதில்லை.

இதெல்லாம் ஏதோ எங்கள் ஆசை என்று நினைக்க வேண்டாம், சட்டத்திலேயே இருக்கிறது. 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. 2016 சட்டம் 21 ஆக்கியது. அதன் 29ஆம் பிரிவு கலை, பொழுதுபோக்கு பற்றியது. நடனம், வெளிப்புற முகாம், சாகச விளையாட்டு எல்லாவற்றிலும் நாங்கள் கலந்துகொள்ள வழிசெய்வது அரசின் கடமை என்கிறது. உதவித்தொகைப் பிரிவை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். இந்தப் பிரிவை வாசித்தவர்களை அதிகம் பார்த்ததில்லை. சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் தண்ணீர் அருகே வரை மரப்பாதை போட்டார்கள். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் அதைப் பிய்த்தது, சரிசெய்தார்கள். நல்ல காரியம். இத்தனை நீளக் கடற்கரை வைத்திருக்கும் நம் மாவட்டத்தில், நாங்கள் போன கரை எதிலும் அப்படி ஒன்றை நான் பார்க்கவில்லை. பாயைத்தான் விரிக்கிறோம்.

இன்னொன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். ஒரு முறை எங்களைக் கேள்விப்பட்டு ஓர் அமைப்பினர் கடற்கரைக்கே வந்தார்கள். பேனர், வாழைப்பழம், பிஸ்கட். வரிசையாக உட்காரச் சொன்னார்கள். பழத்தைக் கையில் கொடுத்து, ஃபோட்டோ சரியாக வரவில்லை என்று திரும்ப வாங்கி, மறுபடி கொடுத்தார்கள். சங்குக்காரர் பழத்தை வாங்கி அவர்கள் எதிரிலேயே உரித்துத் தின்றுவிட்டார். மூன்றாவது ஃபோட்டோ நின்றுபோனது. சூரியன் இறங்கும் நேரம் முழுக்க எங்களுக்கு வீணாய்ப் போனதுதான் வருத்தம்.

அதனால் உங்களில் வர விரும்புகிறவர்கள் பேனர் இல்லாமல் வாருங்கள். வருகிற ஞாயிறு வடகரைக்குப் போகிறோம். நாற்காலி இழுக்க நாலு பேர், பாய் விரிக்க இரண்டு பேர் தேவை. ஐம்பது ரூபாய் கொண்டுவர வேண்டும், இலவசமில்லை. ஜன்னலோர சீட்டில் மட்டும் உட்காரக் கூடாது, அது ஒதுக்கப்பட்டது. டீ கப்பைத் தூக்கிப் போடாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மூன்றரைக்கு வேன் கிளம்பிவிடும். பெண் பிள்ளைகள் தாராளமாகத் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள், கூடாரம் வேனில் இருக்கிறது.