நிலவில் ஒரு சிங்கப்பூர்

வணக்கம் நேயர்களே. நிலவிலோ கோளிலோ ஒரு தரையில் விண்கல் பள்ளங்கள் எவ்வளவு அதிகமோ, அவ்வளவு பழையது அந்தத் தரை என்று கணிப்பார்கள். நம் சிங்கப்பூரின் பரப்பு ஏறத்தாழ 735 சதுர கிலோமீட்டர். அதே பரப்பில் நிலவில் ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். அந்தத் தரைக்கு வயது 100 கோடி ஆண்டு. ஒரு கிலோமீட்டரும் அதற்கு மேலும் அகலமுள்ள விண்கல் பள்ளங்கள் அங்கே எத்தனை இருக்கும்?

அப்பல்லோ பாறைகளின் வயதை ஆதாரமாக வைத்து கோள் அறிவியலாளர் கெர்ஹார்ட் நொய்கும் 1983-ல் தந்த வாய்பாட்டின்படி சராசரியாக 0.62 பள்ளம். தற்செயலாக நிகழ்பவற்றின் எண்ணிக்கைக்கான பாய்சான் பரவலில் கணக்குப் போட்டால், ஒரு பள்ளம்கூட இல்லாமல் இருக்க 54 சதவீத வாய்ப்பு உண்டு. வயது 300 கோடி என்றாலும் 15 சதவீத வாய்ப்பு. ஆகவே தரை வெறுமையாக இருப்பதைப் பார்த்து ‘இது புதியது’ என்று முடிவு கட்டக் கூடாது.

எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் பிழை அளவாக, அதாவது எண்ணிக்கை எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்பதாக எழுதுவது நெடுநாள் வழக்கம். நூறு பள்ளத்துக்குப் பிழை பத்து, பொருந்துகிறது. பூஜ்ஜியத்துக்குப் பிழையும் பூஜ்ஜியம் என்றால் எப்படி ஏற்பது? அதனால் இப்போது, ஒவ்வொரு வயதுக்கும், எண்ணிக் கண்ட எண்ணிக்கை கிடைக்கும் வாய்ப்பைக் கணக்கிட்டு, முழு வளைகோடாகவே வரைகிறார்கள். பள்ளம் குறைந்த சிறு பரப்புகளுக்கு இதுவே நம்பகமான வழி.

ஆனால் எண்ணுவதிலேயே கோளாறு இருந்தால் எந்தக் கணக்கும் காப்பாற்றாது. மழை தூறும்போது வீவக அடுக்குமாடி புளோக் பக்கம் பாருங்கள். திறந்த தரையில் துளிகள் ஒழுங்கின்றி விழும். கூரை விளிம்புக்குக் கீழே வரிசையாகச் சொட்டும். அந்த வரிசையை வைத்து மழையை அளக்க முடியுமா? பள்ளங்களிலும் இப்படி உண்டு. செவ்வாய்க் கோளில் 10 கிலோமீட்டர் அகல ஸூனில் பள்ளம் உண்டானபோது தெறித்த கற்கள், 10 முதல் 200 மீட்டர் வரை அகலமான சிறு பள்ளங்களை ஒரு கோடி அளவில் உண்டாக்கின. அவற்றையும் சேர்த்து எண்ணினால் தரை கிழடாகத் தெரியும்.

இப்படித் தெறித்த கற்களால் கூட்டமாக உண்டான பள்ளங்களைக் கண்டுபிடிக்க வழி உண்டு. அதே எண்ணிக்கையிலான புள்ளிகளை அதே பரப்பில் கணினியால் ஆயிரம் தடவை தாறுமாறாகத் தூவுங்கள். ஒவ்வொரு தடவையும், ஒரு புள்ளிக்கும் அதற்கு மிக அருகிலுள்ள புள்ளிக்கும் இடையிலான சராசரித் தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உண்மைப் பள்ளங்களின் சராசரி, ஆயிரத்தில் 950-க்கும் மேற்பட்டவற்றைவிடக் குறைவாக இருந்தால் கூட்டம் இருக்கிறது என்று சந்தேகிக்கலாம். அந்தக் கூட்டத்தை நீக்கும்போது அது கிடக்கும் பரப்பையும் கழிக்க வேண்டும். பள்ளங்களை மட்டும் நீக்கிப் பரப்பை விட்டுவைத்தால், இந்த முறை தரை இளமையாகத் தெரியும்.