ஒரே மழைதான், இலை வேறு

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடிக்குக் காரைச் செடியால்தான் பெயர் வந்தது என்று நம் பக்கம் சொல்வார்கள். அந்தக் காரை எங்கே நிற்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? கண்மாய்க்குள் தேடினால் கிடைக்காது, மேட்டில் செம்புறாங்கல் தெரிகிற இடத்தில்தான் கிளா, சூரை, காசான் இவற்றோடு சேர்ந்து நிற்கும். கண்மாய்க்குள்ளே கருவேலம். நடந்தால் பத்து நிமிடம், பெய்வதும் ஒரே ஐப்பசி மழை.

ஆனால் மேட்டில் விழுந்த தண்ணீர் அங்கே தங்காது. கண்மாயிலோ மாதக்கணக்கில் நிற்கும், வேருக்குக் காற்றில்லாமல் பல செடிகள் அழுகிவிடும். கருவேலம் தாங்கும்; தண்ணீர் வற்றியதும் அதன் அடிமரத்தில் சேற்றுக்கோடு தெரியும்.

சரி, மேட்டுக்கு வருவோம். காசான் இலை ஒன்றைப் பறித்து மடித்துப் பாருங்கள், படக்கென்று ஒடியும். அவ்வளவு தடிப்பான இலையைச் செய்யச் செடிக்குச் செலவு அதிகம், அதனால் லேசில் உதிர்க்காது, வளர்வதும் மெதுவாகத்தான். அதன் காலடியில் மழைக்கு முளைக்கிற தகரையைப் பறித்தால் வீடு வந்து சேர்வதற்குள் துவண்டுவிடும். அது மலிவாக இலை விட்டு, மளமளவென்று வளர்ந்து, கோடை வருவதற்குள் விதை போட்டு முடித்துக்கொள்ளும். 2004-ல் 175 இடங்களிலிருந்து 2,548 வகைச் செடிகளின் இலைகளை ஒப்பிட்ட ஆய்வு உலகம் முழுக்க இதே கணக்கைத்தான் கண்டது. பேரேடு எழுதிப் பழகிய நம் ஊருக்கு இது எளிதில் புரியும்.

அப்புறம் இவை எப்படி ஒரே இடத்தில் சேர்ந்து வாழ்கின்றன? தகரைக்குச் சில மாதம், காசானுக்கு வருஷம் முழுக்க. புல் மேல்மண் ஈரத்தை எடுக்கும், புதர்களின் வேர் கல்லிடுக்கில் இறங்கும். சூரைப் புதருக்குள் குனிந்து பார்த்தால் சில சமயம் ஒரு வேப்பங்கன்று நிற்கும், பறவை போட்ட கொட்டை முளைத்தது, ஆடு வாய் வைக்க முடியாதபடி சுற்றிலும் முள்.

எங்கள் ஊர் மேட்டைச் சும்மா கிடக்கிற பொட்டல் என்று சொல்லி, ஜேசிபி விட்டு வழித்து, ஒரே வகைக் கன்றை வரிசையாக நட்டார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. எல்லாம் ஒரே வயது, ஒரே ஆழத்தில் வேர், எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் தாகம். உங்கள் ஊரில் அப்படியொரு மேடு இருந்தால், வண்டி வருவதற்கு முன்னால் ஒருமுறை உள்ளே நடந்து, என்னென்ன நிற்கிறது என்று ஆடு மேய்க்கிறவர்களிடம் பெயர் கேட்டு எழுதி வையுங்கள். எங்கள் மேட்டுக்கு அப்படியொரு பட்டியல் யாரிடமும் இல்லை.