தோட்ட வேலை வேறு, விளையாட்டு வேறு

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கமுங்க. ஈரோடு மாவட்டம் கோபிசெட்டிபாளையம் சுற்றுவட்டாரத்துப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வெளியில் போய் விளையாடுவது, மலை ஏறுவது, நீந்துவது இதிலெல்லாம் மனுசனுக்கு என்ன நன்மை என்று பேசச் சொன்னார்கள். நம் பக்கத்தில் இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கும். "நாள் முழுக்கத் தோட்டத்துல பாடுபடறோம், இதுக்கு மேல விளையாட்டு எதுக்குங்க? வேலையத்தவன் பண்ற வேலை."

பாடுபடுகிற ஊர் நம்முடையது. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வேலை உடம்பை ஒரே அசைவில் கட்டிப்போடுகிறது. களை வெட்டுகிறவருக்கு இடுப்பு போகிறது, தறி ஓட்டுகிறவருக்குக் கால் கடுக்கிறது. திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு இருட்டோடு கிளம்பி இருட்டிய பிறகு வீடு திரும்புகிற பெண்ணுக்குக் கழுத்தும் தோளும் இறுகிக் கிடக்கும். வாரக்கணக்கில் வெயிலே மேலே படாது. காலை வெளிச்சம் கண்ணில் படுவதை வைத்துத்தான் எப்போது தூங்குவது, எப்போது விழிப்பது என்று உடம்பு கணக்குப் போடுகிறது. அது கிடைக்காதவர்களுக்குப் படுத்தாலும் தூக்கம் சரியாக வருவதில்லை.

பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது மூச்சு வாங்க உடம்பை அசைக்க வேண்டும், பிள்ளைகள் தினமும் சராசரியாக 60 நிமிடம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வேலையில் வரும் அசைவையும் அந்தக் கணக்கில் சேர்க்கலாம், சரி. ஆனால் மண்வெட்டி பிடித்திருக்கும்போது மனசு எங்கே இருக்கிறது? மஞ்சள் விலையிலும் வட்டிக் கணக்கிலும்தானே! கபடியில் பாடிப் போகிறவனுக்கு எதிரில் நிற்கும் ஏழு பேரைத் தவிர வேறு எதுவும் ஞாபகத்தில் இருக்காது. அந்த நேரம் மனசுக்குக் கிடைக்கும் ஓய்வு, வேலையில் கிடைக்காது.

சாகசம் என்றதும் கயிற்றில் தொங்குவது, ரப்பர் படகில் போவது என்று காசு செலவாகிற சமாச்சாரமாக நினைத்துக்கொள்கிறார்கள். நம் கிணறு போதாதா? பாறையை உடைத்து வெட்டிய சதுரக் கிணறு, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கல்படிகள். நீச்சல் பழகும் பையனுக்கு மிதப்பதற்காகக் காய்ந்த சுரைக்காய்க் குடுவையை, அதாவது சுரைப்புருடையை, முதுகில் கட்டி, இடுப்பில் கயிறும் கட்டி இறக்குவார்கள். மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு மாமன் நிற்பார். முதலில் பையன் படியை விட்டு நகரவே மாட்டான். முகம் நனைந்தாலே அழுவான். தண்ணீருக்குள் மூச்சை மெல்ல வெளியே விட்டால் மூக்கில் ஏறாது என்பதை ஒருநாள் அவனாகவே கண்டுபிடிப்பான். அப்புறம் அவனை வெளியே கொண்டுவருவதுதான் பெரும்பாடு. கொஞ்ச நாளில் மோட்டார் ரூம் மேலே ஏறி நிற்பான். நெஞ்சு படபடக்கும், இரண்டு தடவை பின்வாங்குவான், அப்புறம் மூக்கைப் பொத்திக்கொண்டு குதித்துவிடுவான். எவ்வளவு பயம் தன்னால் தாங்க முடியும் என்று அவனே அளந்து பார்த்து எடுத்துக்கொள்கிறான். அப்படிப் பழகிய பிள்ளைகள் பரீட்சைக்கும் மேடைக்கும் அவ்வளவாக நடுங்கிப் பார்த்ததில்லை. இது ஆராய்ச்சி முடிவில்லைங்க, வாத்தியார் கண்ணில் பட்டது.

இப்போது ஆயிரம் அடி போர் போட்டுக் கிணறெல்லாம் வறண்டு கிடக்கிறது. நீச்சல் சொல்லித்தர மாமனுக்கும் நேரமில்லை. நீந்தத் தெரியாத அதே பையன் லீவு நாளில் கூட்டாளிகளோடு கொடிவேரி அணைக்கோ கீழ்பவானி வாய்க்காலுக்கோ போகிறான். வாய்க்கால் பார்க்கச் சாதுவாகத்தான் இருக்கும். சரிவான கரையில் பாசி வழுக்கும், உள்ளே இழுவை காலைத் தூக்கிவிடும், ஏறிவரப் பிடிமானம் இருக்காது. 2021இல் உலகம் முழுக்கத் தண்ணீரில் மூழ்கி இறந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர். பிள்ளையைத் தண்ணீர்ப் பக்கமே விடாமல் வளர்ப்பது பாதுகாப்பு இல்லை. நல்ல ஆளிடம் விட்டு நீச்சல் பழக்குவதுதான் பாதுகாப்பு.

மலைக்கு வருவோம். மாசி, பங்குனி வந்தால் நம் இளவட்டங்கள் கோவைப் பக்கம் அடிவாரப் பூண்டியில் மூங்கில் தடி வாங்கிக்கொண்டு வெள்ளியங்கிரி மலைக் கோயிலுக்குக் கிளம்பிவிடுவார்கள். ஏழு மலை. ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போதுதான் தொடை வெடவெடவென்று ஆடும். இறக்கத்தில் தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்புப் பாரத்தையும் தாங்க வேண்டியிருக்கிறது. தசை இழைகளில் நுண்ணிய காயம் பட்டு, மறுநாளைவிட அதற்கடுத்த நாள் வலி கூடி, அப்புறம் தானாகத் தணியும். இதற்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டாம். முன்கூட்டியே சில வாரம் சென்னிமலையின் 1320 படிகளை ஏறி, பஸ்ஸில் வராமல் நடந்தே இறங்கிப் பழகியிருந்தால் பாதி வலி வராது. நெஞ்சுவலி, ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்கள் டாக்டரைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். மூன்றாவது மலையில் முடியவில்லையா, திரும்பிவிடுங்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் போகவே கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கி இறந்த மலையேற்றக்காரர்களில் நம் ஈரோட்டுப் பக்கத்தவர்களும் இருந்தார்கள்.

மலையும் கிணறும் வாய்க்காதவர்களுக்கு ஊர்ப் பொட்டல் இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் வெளியே விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது என்று கண் மருத்துவர்களே சொல்கிறார்கள். கண்ணாடிக் கடைக்குப் போகிற நிலை வருவதற்கு முன்பே பிள்ளையைப் பொட்டலுக்கு அனுப்புங்கள். கபடிக் களம் போடப் பெரிய செலவில்லை. நாலு பேர் சேர்ந்து மண்ணைக் கொத்தி, கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிந்துவிடும். அந்தக் களத்தில் பெண் பிள்ளைகளுக்கும் தினம் ஒரு மணி நேரத்தை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பையன்கள் இடம் தர மாட்டார்கள்.

இவ்வளவு நேரம் கேட்ட உங்களுக்கு நன்றிங்க, வணக்கம்.