தோட்டத்து முகவரியும் வரைபடத்துப் புள்ளியும்

வணக்கம் நேயர்களே. நம் மலேசியத் தோட்டத்து முகவரி எப்படி இருக்கும்? தோட்டத்தின் பெயர், டிவிஷன் என்கிற தோட்டப் பிரிவு, 31100 சுங்கை சிப்புட். அவ்வளவுதான். கடிதம் ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து வீடு வந்து சேர்ந்துவிடும். தபாலுக்கு இது போதும், சுகாதார ஆய்வுக்குப் போதாது.

நோய் எங்கே பரவுகிறது என்று ஆராய்கிறவர்கள், நோயாளிகளின் முகவரிகளைக் கணினியில் கொடுத்து வரைபடத்தில் புள்ளிகளாக மாற்றுகிறார்கள். தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீடென்றால் புள்ளி அதே தெருவிலாவது விழும். தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டைக் கணினியால் கண்டுபிடிக்க முடியாவிட்டால், அஞ்சல் குறியீட்டுப் பகுதியின் நடுவில் ஒரு புள்ளியை வைத்துவிடும். அதற்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களில் தசமத்துக்குப் பின் ஆறு இலக்கம் காட்டும். நான்காவது இலக்கமே ஏறத்தாழ 11 மீட்டரைக் குறிக்கும் என்றால் ஆறாவது எவ்வளவு நுணுக்கம்! ஆனால் அந்த இடத்தில் போய் நின்றால் செம்பனை மரம்தான் இருக்கும்.

நியூயார்க் மாநில முகவரிகளை வைத்துச் செய்த ஆய்வொன்று 2003-இல் வெளிவந்தது. நகரத்தில் 95 விழுக்காட்டு முகவரிகள் உண்மையான இடத்திலிருந்து 152 மீட்டருக்குள் விழுந்தன. கிராமப்புறத்தில் அதே 95 விழுக்காட்டுக்கு 2,872 மீட்டர் தேவைப்பட்டது. நம் நாட்டில் டிங்கி வந்த வீட்டைச் சுற்றி 200 மீட்டருக்குக் கொசுப்புகை அடிக்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்; புள்ளி அவ்வளவு தள்ளி விழுந்தால் புகை அந்த வீட்டுக்கே எட்டாது.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. கணினிக்குப் பிடிபடாத முகவரிகளை ஆய்விலிருந்தே நீக்கிவிடும் பழக்கம் உண்டு. நீங்குவது யார்? லயத்து மக்கள்தான். நீக்காமல் நடுப்புள்ளியில் குவித்தாலோ, இல்லாத இடத்தில் நோய் குவிந்ததுபோல் தெரியும்.

அப்புறம் காலக் கணக்கு. பாராகுவாட் களைக்கொல்லி இங்கே 2020-இல் தடை செய்யப்பட்டது. அது அடித்த காலத்தில் யார் வீடு எந்தத் தோட்டக் காட்டோரம் இருந்தது என்று ஆராய, இன்றைய தாமான் முகவரி உதவாது. பழைய லயமும் அங்கே வாழ்ந்த ஆண்டுகளும் வேண்டும்.

ஆய்வாளர்கள் முடிந்தவரை வாசலில் நின்று கைப்பேசியில் இடத்தைப் பதிய வேண்டும், அந்த விவரத்தைப் பத்திரமாகவும் வைத்திருக்க வேண்டும். புள்ளி வாசலில் எடுத்ததா, அஞ்சல் குறியீட்டில் வந்ததா என்றும் குறிக்க வேண்டும்.

நீங்களும் கிளினிக்கில் முகவரி கேட்டால் அடையாள அட்டையை மட்டும் நீட்டாதீர்கள். இப்போது எங்கே குடியிருக்கிறீர்கள், எந்த டிவிஷன், எத்தனையாவது லயம், கோயிலுக்கு எந்தப் பக்கம் என்று சொல்லி எழுதச் சொல்லுங்கள்.