தொட்டதும் கண்டதும்

நேயர்களுக்கு வணக்கம்.

இதைக் கேட்டுக்கொண்டே ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் மட்டும் போய்ச் சேர்ந்த பிறகு செய்தால் போதும். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, கட்டைவிரல்களை அருகருகே நிமிர்த்தி வையுங்கள். இடது கண்ணை மூடுங்கள். வலது கண் இடது கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருக்கட்டும். இப்போது வலது விரலை மெல்ல வலப்பக்கம் நகர்த்துங்கள். ஏறக்குறைய முக்கால் சாண் தள்ளிப் போனதும் அதன் நுனி காணாமல் போகும்.

பத்து லட்சம் அளவிலான நரம்பிழைகள் ஒன்றுசேர்ந்து கண்ணை விட்டு வெளியேறும் வாசல் ஒன்று விழித்திரையில் இருக்கிறது. ஒளியை உணரும் செல்கள் அங்கே கிடையாது. விரல் நுனியின் பிம்பம் அங்கே விழுந்ததால்தான் அது மறைந்தது. 1660-களில் பிரெஞ்சு அறிஞர் எட்ம் மரியோட் இதைக் கண்டுபிடித்தார். ஆனால் என்னை அசத்துவது அந்த ஓட்டை அல்ல. விரல் மறைந்த இடத்தில் கறுப்பாக எதுவும் தெரிந்ததா? இல்லை. பின்னாலுள்ள சுவர்தான் தெரிந்திருக்கும். அக்கம்பக்கத்தைப் பார்த்து மூளை தானே இட்டு நிரப்பிவிட்டது. வெளியே இருப்பதை அப்படியே பார்க்கிறோம் என்று நம்பும்போதும், பாதி வேலை உள்ளேதான் நடக்கிறது.

அந்த வேலையை மூளை எங்கே கற்றது?

1688-இல் அயர்லாந்தைச் சேர்ந்த வில்லியம் மோலினோ, தத்துவஞானி ஜான் லாக்குக்கு ஒரு கேள்வி அனுப்பினார். பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவர், உருண்டை எது, கனசதுரம் எது என்று தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார். அவருக்குப் பார்வை கிடைத்தால், தொடாமல், வெறும் கண்ணால் பார்த்துச் சொல்வாரா? மோலினோவின் மனைவி பார்வை இழந்தவர். இது மோலினோவுக்கு வெறும் ஏட்டுக் கேள்வியாக இருந்திருக்காது.

மூளை ஆய்வாளர் பவன் சின்ஹாவும் அவருடைய குழுவினரும் இதற்கான ஆய்வை 2011-இல் வெளியிட்டார்கள். இந்தியாவில் பிறவிப் பார்வையின்மையிலிருந்து சிகிச்சையால் மீண்ட ஐந்து பிள்ளைகள். வயது 8 முதல் 17 வரை. பார்வை கிடைத்த புதிதில், பார்த்ததைப் பார்த்து அடையாளம் சொன்னார்கள். தொட்டதைத் தொட்டு அடையாளம் சொன்னார்கள். தொட்டுப் பழகிய உருவத்தைக் கண்ணால் காட்டச் சொன்னபோது தடுமாறினார்கள்.

'சொல்ல முடியாது' என்ற விடையோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அடுத்து நடந்ததுதான் பெரிது. மறுபடி சோதிக்கப்பட்ட பிள்ளைகள், தனிப்பயிற்சி ஏதும் இல்லாமலேயே, சில நாட்களிலும் வாரங்களிலும் நன்றாகத் தேறியிருந்தார்கள். தம்ளரை எடுக்கும்போது கை உணரும் விளிம்பும் கண் காணும் விளிம்பும் ஒரே நேரத்தில் வந்து சேர்கின்றன. அப்படிச் சேர்ந்து சேர்ந்துதான் இரண்டும் ஒரே பொருள் என்று பிடிபட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

கைக்குழந்தை ஒரு கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும், தட்டும், வாயில் வைக்கும். நாம் உடனே பிடுங்கிவிடுகிறோம். அது சுத்தமாக இருக்கிறதா, விழுங்கிவிடாத அளவா, குத்தாததா என்று மட்டும் பாருங்கள். பிறகு இன்னும் கொஞ்ச நேரம் அது குழந்தையின் கையிலேயே இருக்கட்டும்.

நன்றி. வணக்கம்.