சைக்கிளைக் கவிழ்த்து வைத்தவர்கள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மணி அடிப்பதற்குள் முடிக்க வேண்டும், நேரே விசயத்துக்கு வருகிறேன்.

போர்க்கால யாழ்ப்பாணத்தில் சின்னக் கல்லூரிகளை, அதாவது கல்லூரி என்று பெயர் கொண்ட பள்ளிக்கூடங்களை, நடத்திக் காட்டியது நிருவாகமா, மாணவர் மன்றமா? மாணவர் மன்றமே என்று சொல்ல நிற்கிறேன். எதிரணித் தலைவர் அதிபர்களின் கண்டிப்பைச் சொன்னார். செல்லடிக்குள்ளும், எறிகணை விழுகிற நேரத்திலும், சைக்கிள் உழக்கி வந்து பாடம் எடுத்த ஆசிரியர்களைச் சொன்னார். அதில் ஒரு சொல்லையும் நான் மறுக்கவில்லை. ஆனால் இறங்கப் போகிற நேரத்தில் ஒன்று விட்டார் பாருங்கள்: "மாணவர் மன்றம் என்ன செய்தது? சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பாட்டுக் கேட்டது!" சபை கைதட்டியது. அதற்குப் பதில் சொல்லாமல் நான் வேறெதையும் பேச முடியாது.

பாட்டுக் கேட்டார்களா? கேட்டார்கள் ஐயா! எப்படிக் கேட்டார்கள் என்று அவர் சொன்னாரா?

1990 நடுப்பகுதியில் சண்டை மூண்டது. அந்த ஆண்டிலேயே குடாநாட்டில் மின்சாரம் போனது. பற்றறி உள்ளே வரத் தடை. கலைவிழாவுக்கு நடனம் பழக வேண்டும், ரேப் ரெக்கோடர் இருக்கிறது, போடுவதற்கு நாலு பற்றறி இல்லை. சைக்கிள் இருக்கிறது, அதில் டைனமோ இருக்கிறது. ஆறு வோல்ட், மூன்று வாற்று. நாலு பற்றறியும் சேர்ந்தால் அதே ஆறு வோல்ட்தானே, வயரைக் கொழுவினால் பாடாதா? பாடாது. டைனமோ தருவது ஆடலோட்டம் (ஏசி), பெட்டி கேட்பது நேரோட்டம் (டிசி). நடுவில் நாலு டயோட்டைப் பாலமாகக் கட்ட வேண்டும். பழுதான ரேடியோவைக் கழற்றினால் டயோட்டு கிடைக்கும். அதோடு விட்டால் பாட்டுக்கு மேலே "ங்ஙம்" என்று ஓர் இரைச்சல் ஏறி நிற்கும். அதை அடக்க ஆயிரம் மைக்ரோபராட் கப்பாசிற்றர் ஒன்று, சக சய, அதாவது கூட்டல் கழித்தல் முனை, மாறாமல் பூட்ட வேண்டும். மாறினால் கப்பாசிற்றர் வெடிக்கும்.

முடிந்ததா? இல்லை. டைனமோவில் இருந்து வருவது ஒரு வயர். மற்றது சைக்கிளின் உடம்பு. பெயின்றுக்கு மேலே வயரைச் சுற்றிவிட்டு "டைனமோ பழுது" என்று கைவிட்டவர்கள் கனபேர். ஒரு சதத்தளவு இடத்தில் பெயின்றைச் சுரண்டி, இரும்பு மினுங்கிய பிறகு சுற்ற வேண்டும்.

இனித்தான் முக்கியம். டைனமோவைப் பின்சில்லுக்கு மாற்றி, சைக்கிளைச் சீற்றிலும் கைபிடியிலும் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்ற வேண்டும். சுற்றுகிறவன் உற்சாகத்தில் வேகமாய்ச் சுற்றினால் வோல்ட் ஏறும், பெட்டி எரியும். அதற்கு என்ன செய்தார்கள்? சைக்கிளின் முன் லைற்றைக் கழற்றவில்லை. அதுவும் பக்கத்தில் எரிந்துகொண்டே இருக்கும். மிஞ்சுகிற மின்சாரத்தை அது குடித்துவிடும். பட்டப்பகலில் ஏன் லைற்று எரிகிறது என்று பார்த்தவர்கள் கேட்டிருப்பார்கள். அந்தப் பல்ப்பு பியூஸ் போனால் அடுத்த நிமிடம் பெட்டி போய்விடும், அதனால்தான் எரிகிறது!

கை களைத்தால்? அப்போது பாட்டு இழுபடும். சுசீலா அம்மாவின் குரல் மெல்ல மெல்ல இறங்கிச் சௌந்தரராஜனாகும். ஆடுகிற பிள்ளை தூக்கிய காலை வைக்கத் தாளம் வராமல் நிற்பாள். "சுத்தடா!" என்று எல்லாரும் கத்துவார்கள். அவன் பயந்து இழுத்துச் சுற்ற, சௌந்தரராஜன் திரும்பச் சுசீலாவாகி, அதையும் தாண்டிக் குருவியாகிக் கீச்சிடும். பிள்ளை தாளத்தை விட்டுவிட்டு ஓடுவாள். மறுபடி முதலில் இருந்து. சுசீலா, சௌந்தரராஜன், சுசீலா, குருவி! (சிரிக்கிறீர்கள். அவர்களும் சிரித்தார்கள். வானத்தில் குண்டு போடும் பொம்பர் சுற்றிய காலத்தில் சிரித்தார்கள்.)

நடுவர் அவர்களே, இங்கேதான் மன்றம் வருகிறது. யார் சுற்றுவது? பலசாலியைப் பிடித்து வைத்தால் அவன் நாளைக்கு வரமாட்டான். செயலாளர் ஒரு கொப்பித் தாளில் கோடு போட்டார். ஆளுக்குப் பத்து நிமிடம், வகுப்புக்கு ஒருவர், அடுத்தவர் பக்கத்தில் நின்று பெடல் நிற்காமல் கைமாற்ற வேண்டும். யாருடைய சைக்கிள்? ஒரே சைக்கிளைப் பிடித்தால் டைனமோ உரசி உரசி ரயர் போய்விடும், ரயருக்கு எங்கே போவது? ஆகவே சைக்கிளும் முறைமாறி வரும். இதைக் கூட்டத்தில் பேசி, கை உயர்த்தி, அறிக்கைப் புத்தகத்தில் எழுதினார்கள். பாரத்தைச் சமமாகப் பிரிப்பதுதானே அரசாட்சி?

அந்தக் கொப்பித் தாள்தான் பதுங்குகுழிக்கும் போனது. குழி வெட்டச் சொல்லி உத்தரவிடுவது நிருவாகம், ஒத்துக்கொள்கிறேன். வெட்டிய பிறகு? யாழ்ப்பாணத்து மண்ணில் பல இடங்களில் இரண்டு மூன்று அடியில் சுண்ணக்கல் முட்டும். அங்கே ஆழப்படுத்த முடியாது, சுற்றிவர மண்மூட்டையை உயர்த்த வேண்டும். வாசலை 'ட' எழுத்துப்போல மடக்க வேண்டும், நேராக விட்டால் குண்டுச் சன்னம் நேராக உள்ளே வரும். மேலே பனங்குற்றி, அதற்கு மேலே மண்மூட்டை. கார்த்திகை மார்கழி மாரியில் குழிக்குள் நீர் ஊறும், இறைக்க வேண்டும். கோடையில் பாம்பு படுக்கும், காலையில் தடியால் தட்டிப் பார்க்க வேண்டும். எந்த வகுப்பு எந்தக் குழி, சின்ன வகுப்புப் பிள்ளைகளின் கையைப் பிடித்து இறக்குவது யார்? தினமும் காலையில் தடியோடு போனது அதிபரா? முறைப்பட்டியலில் பெயர் இருந்த மாணவன்!

இன்னொன்றும் பழக்கினார்கள். பொம்பர் வட்டமிட்டால் குழிக்கு ஓட நேரம் உண்டு. செல் அப்படியல்ல. அங்கே ஏவிக் குத்துகிற சத்தத்துக்கும் இங்கே விழுகிற சத்தத்துக்கும் நடுவே சில விநாடிதான். அப்போது ஓடக்கூடாது, யன்னலை விட்டு விலகி நிலத்தில் குப்புறப் படுக்க வேண்டும். ஓடினவர்தான் காயப்பட்டார்.

ஜாம்போத்தல் விளக்கைப் பற்றிச் சொல்ல நேரமில்லை. போத்தலின் அடியில் பஞ்சு, அது நனைய மட்டும் மண்ணெண்ணெய், சைக்கிள் ரியூப்புக்குக் காற்றடிக்கிற வால்கட்டைக்குள் திரி. அவ்வளவு வெளிச்சத்தில் உயர்தரம் படித்தார்கள். அச்சடிக்கத் தாள் கிடைக்காதபோது கையெழுத்துச் சஞ்சிகை ஒரேயொரு பிரதி எழுதி வகுப்பு வகுப்பாகக் கொடுத்து வாசித்தார்கள்.

1995 ஒக்ரோபர் 30. இராணுவம் நெருங்கிவர, யாழ்ப்பாண நகரும் அதைச் சூழ்ந்த வலிகாமமும் ஒரே இரவில் எழும்பி நடந்தன. மழை, இருட்டு, நாவற்குழிப் பாலம் முழுக்கச் சனம். எதிரணித் தலைவரே, அந்த இரவில் நிருவாகம் எங்கே? அதிபரும் ஒரு குடும்பத்தின் தகப்பனாக, தன் தாயைச் சைக்கிள் கரியரில் வைத்து அதே பாலத்தில்தான் நின்றிருப்பார். அலுவலகமும் இல்லை, மணியும் இல்லை. பிறகு பாலத்துக்கு அப்பால் தென்மராட்சியில், இடம் தந்த பள்ளிக்கூடங்களில், பின்னேர வகுப்பாகவும் மரநிழலிலும் கல்லூரிகள் திரும்பத் தொடங்கின. "எங்கட பள்ளிக்கூடம் தொடங்குது, வாங்கோ" என்று கொட்டில் கொட்டிலாகப் போய்ச் சொன்னது யார்? சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றுக்குள் சைக்கிளை உருட்டிய பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள்.

முதல்நாள் வரவு இடாப்புக் கூப்பிட்டால் பாதிப் பெயருக்குச் சத்தம் வராது. ஒருவன் வன்னிக்குப் போய்விட்டான். ஒருத்தி கொழும்பில். இன்னொருவனைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அவனுடைய தாய் வந்து, "பிள்ளையின்ர பேரை வெட்டிப் போடாதேங்கோ" என்று கேட்டால் இடாப்பைப் பிடித்திருக்கிற பிள்ளை என்ன செய்யும்? வெட்டாது ஐயா. எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். வெட்டாது.

அப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்த்து, பாட்டுக் கேட்டவர்கள் என்று இந்த மேடையில் சொல்லிவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளில் சிலர் பிறகு எந்தப் பாட்டும் கேட்கவில்லை. நடுவர் அவர்களே, தீர்ப்பை அந்தப் பிள்ளைகள் பக்கம் எழுதுங்கள். நன்றி, வணக்கம்.