என் வில்லுக்கு நானே திரித்த நாண்

வணக்கம் மக்களே. கேமராவுக்குக் கிட்டத்தில் காட்டுகிறேன், தெரிகிறதா? போன மாதம் நான் முதன்முதலாகச் செய்த நாண் இது. மேல் கண்ணியின், அதாவது வில்லின் நுனியில் மாட்டுகிற வளையத்தின், கழுத்தைப் பாருங்கள். இரண்டு புரியும் பிரிந்து, நூல் வால்கள் வெளியே துருத்திக்கொண்டு நிற்கின்றன. வில்லில் ஏற்றி, மெதுவாகப் பாதிதான் இழுத்தேன். கண்ணி சரக்கென்று நழுவிவிட்டது. நல்லவேளை, வில்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் இடது முன்கையில்தான் மூன்று நாள் நீலம் கட்டியிருந்தது.

கடையில் கிடைக்கிற பொருளுக்கு ஏன் இந்த வம்பு என்று கேட்பீர்கள். என்னுடையது 66 அங்குல லாங்போ, அதாவது நீள வில், இழுவிசை 40 பவுண்டு. வாங்கிய நாண் ஒவ்வொன்றும் ஒரு நீளம். ஒன்று அரை அங்குலம் கூடும், அடுத்தது குறையும். வில்லின் கைப்பிடிக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளியை பிரேஸ் ஹைட் என்பார்கள். லாங்போவுக்கு அது பொதுவாக ஆறு முதல் ஏழு அங்குலம் இருக்க வேண்டும். கையை முஷ்டியாக மடக்கிக் கட்டைவிரலை நீட்டிப் பிடித்தால் வருகிற அளவு. அந்தக் காலத்து ஆங்கிலேய வில்லாளிகளும் அப்படித்தான் அளந்தார்கள். நாண் நீளமாகிவிட்டால் இடைவெளி குறையும், அம்பு கிளம்பும்போது நாண் கையில் வந்து அறையும். அதனால்தான் நமக்கு வேண்டிய அளவில் நாமே செய்துவிடலாம் என்று இறங்கினேன்.

இன்றைக்குச் செய்யப்போவது ஃப்ளெமிஷ் முறுக்கு. இரண்டு புரியாகத் திரித்து, அந்தத் திரிப்பிலேயே கண்ணியையும் வைத்துவிடுகிற முறை. முடிச்சே கிடையாது. நூல் பி-50 டேக்ரான், பாலியஸ்டர்தான். ஓர் இழை சுமார் 50 பவுண்டு தாங்கும். என் வில்லுக்கு 12 இழை, அதாவது புரிக்கு ஆறு. 12 இழை சேர்ந்தால் 600 பவுண்டு வருகிறதே, 40 பவுண்டு வில்லுக்கு அது எதற்கு? அம்பு புறப்படுகிற நொடியில் நாண் மீது வருகிற அதிர்ச்சி, இழுவிசையைப் போலப் பல மடங்கு. அந்தத் தாராளம் வேண்டும். ஒரு நூல்கண்டு வாங்கினால் நிறைய நாண் செய்யலாம். நான் கறுப்பிலும் மஞ்சளிலுமாக இரண்டு கண்டு வாங்கினேன். அழகுக்காக இல்லை, எந்த இழை எந்தப் புரி என்று கண்ணுக்குத் தெரியவேண்டும்.

ஃபாஸ்ட் ஃப்ளைட் மாதிரி நீளாத நூல்களும் உண்டு. அம்பு வேகமாகப் போகும். ஆனால் டேக்ரான் கொஞ்சம் நீண்டு கொடுப்பதால் அதிர்ச்சியில் ஒரு பகுதியை அதுவே வாங்கிக்கொள்கிறது. நீளாத நூல் அதை அப்படியே வில்லின் நுனிக்குத் தள்ளும். நுனியைப் பலப்படுத்தாத பழைய வில்லாக இருந்தால் உடைந்துகூடப் போகலாம். வில் செய்தவரே சரி என்று சொன்னால் ஒழிய அந்தப் பக்கம் போகாதீர்கள்.

சரி, வேலைக்கு வருவோம். முடிந்த நாண் வில்லைவிட மூன்று அங்குலம் குறைவாக, 63 அங்குலம் வரவேண்டும். கண்ணிக்கும் வாலுக்கும் சேர்த்து நான் 82 அங்குலத்துக்கு வெட்டுகிறேன். எல்லா இழையும் ஒரே இடத்தில் முடியக் கூடாது. ஒன்றுக்கு அடுத்தது அரை அங்குலம் தள்ளி முடியவேண்டும். அப்போதுதான் வால், நாணோடு சேருகிற இடத்தில் எலிவால் மாதிரி மெலிந்துகொண்டே போகும். இல்லாவிட்டால் அங்கே ஒரு திண்டு நிற்கும். இதற்கென்றே ஆணி அடித்த பலகை உண்டு, ஜிக் என்பார்கள். நான் மேசை விளிம்பில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டேன், அதுவே போதும்.

அடுத்தது மெழுகு. தேன்மெழுகில் கொஞ்சம் ரோசின், அதாவது பைன் மரப் பிசின், கலந்த கட்டி இது. தேய்த்துவிட்டு, விரலிடுக்கில் நூலை வேகமாக உருவினால் சூட்டில் இளகி உள்ளே இறங்கும். ஆறு இழையும் ஒட்டி ஒரே நாடா மாதிரி ஆகவேண்டும். இதில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள்.

இப்போது கையைப் பாருங்கள். நுனியிலிருந்து எட்டு அங்குலம் விட்டுப் பிடிக்கிறேன். எனக்குத் தள்ளி இருக்கிற புரியை எடுத்து, வெளிப்பக்கமாக முறுக்கி, மற்றதன் மேலாக என் பக்கம் கொண்டுவருகிறேன். இப்போது மற்றது தள்ளிப் போய்விட்டது. அதை எடுத்து வெளிப்பக்கம் முறுக்கு, என் பக்கம் மடி. அவ்வளவுதான். கறுப்பு, மஞ்சள், கறுப்பு, மஞ்சள். புரி ஒரு பக்கம் அவிழப் பார்க்கும், திரிப்பு எதிர்ப்பக்கம் அவிழப் பார்க்கும். இரண்டும் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொள்ளும்.

முதல் நாணில் நான் கோட்டை விட்டது இதில்தான். கண்ணி இரண்டையும் ஒழுங்காகவே திரித்தேன். கடைசியில் முழு நாணுக்கும் முறுக்கேற்ற வேண்டுமே, அதை எதிர்ப்பக்கம் ஏற்றிவிட்டேன். முறுக்க முறுக்கக் கழுத்து அவிழ்ந்துகொண்டே போயிருக்கிறது. மெழுகு ஒட்டிப் பிடித்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை. மொட்டைமாடிக் கொடிக்கயிற்றின் நுனியைப் பிரித்துத் திரும்ப முறுக்கிப் பார்த்தபோதுதான் விஷயம் மண்டையில் ஏறியது. கழுத்தில் கோடுகள் எந்தப் பக்கம் சாய்கின்றனவோ, நடுநாணிலும் அதே பக்கம்தான் சாயவேண்டும்.

மூன்று அங்குலம் திரித்தாயிற்று. இதை வளைத்துக் கண்ணியாக்கி, கறுப்பு வாலைக் கறுப்போடும் மஞ்சள் வாலை மஞ்சளோடும் சேர்த்து, மெழுகு பூசி, வால் மறைகிறவரை அதே திரிப்பு. கண்ணியை ஆணியில் மாட்டிவிட்டு இரண்டு நிறத்தையும் மறுமுனைவரை பிரிக்கிறேன். இங்கே ஐந்து நிமிடம் பேசாமல் வேலை செய்யப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இழையாகப் பிடித்து, ஒரே இறுக்கமா என்று பார்க்கவேண்டும். திரிக்கக் கற்றுக்கொள்ள ஒரு சாயங்காலம் போதும், இந்த இறுக்கம்தான் எனக்கு நாலு நாணைக் குப்பையில் போடவைத்தது. ஓர் இழை தொய்ந்திருந்தால் அது சும்மா கூட வருகிறது, அவ்வளவுதான். பன்னிரண்டு இழை நாண் உண்மையில் பதினோரு இழை நாண்.

கை வேலையில் இருக்கும்போது ஒன்று சொல்கிறேன். மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பல் 1545இல் மூழ்கியது, 1982இல் மேலே தூக்கினார்கள். அதில் வில் மட்டும் 170க்கு மேல் கிடைத்தன, அம்புகள் ஆயிரக்கணக்கில். நாண் ஒன்றுகூடத் தப்பவில்லை. அம்பின் பின்பிளவு எவ்வளவு அகலம் என்று அளந்துதான் நாணின் பருமனை ஊகிக்கிறார்கள். அப்புறம் வீட்டுக்குள் தொட்டியில் வைக்கிறோமே பாம்புச் செடி, அதன் இனத்துக்கே ஆங்கிலத்தில் வில்நாண் சணல் என்ற பொருளில்தான் பெயர். சங்கப் பாட்டில் மரல் என்று வருவதும் அந்த இனம்தான். வடமொழியில் மூர்வை என்ற செடியின் நாரால் செய்ததால் நாணுக்கு மௌர்வி என்றே பெயர் வந்தது. அந்த மூர்வை நம் மரல்தான் என்று சொல்வோர் உண்டு. ஒரு நாள் நார் உரித்துப் பார்க்கவேண்டும். அம்மாவின் தொட்டியில் கை வைக்க இன்னும் தைரியம் வரவில்லை.

கீழ்க்கண்ணியும் முடிந்தது, இது கொஞ்சம் சிறிது. சரியான பக்கமாக இருபது முறுக்கு ஏற்றி வில்லில் மாட்டியாயிற்று. நடுவில் விரல் படுகிற ஆறேழு அங்குலத்துக்கு நைலான் நூலை நெருக்கமாகச் சுற்றவேண்டும், செர்விங் என்பது அதுதான். நுனியைச் சுற்றுகளுக்கு அடியிலேயே புதைத்து இழுத்துவிட்டால் முடிச்சு வேண்டாம். பருமன் சரியா என்று பார்க்க, அம்பை நாணில் கோத்துத் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். தானாக விழக் கூடாது, விரலால் மெல்லத் தட்டினால் விழவேண்டும். இதோ... தட்டுகிறேன்... விழுந்துவிட்டது. நாண் எப்படி இருக்கிறது பார்க்கலாம் என்று அம்பில்லாமல் மட்டும் இழுத்து விட்டுவிடாதீர்கள். வில்லே தெறித்துப்போகும்.

இப்போது பிரேஸ் ஹைட் ஆறே முக்கால். புது டேக்ரான் இரவில் கொஞ்சம் நீளும், காலையில் ஆறரைக்கு இறங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். இறங்கியிருந்தால் கீழ்க்கண்ணியைக் கழற்றி நாலைந்து முறுக்கு ஏற்றுவேன். நாளைக்குக் காலையில் இதே இடத்தில் அளந்து காட்டுகிறேன்.